கூட்டமா, ஒருவருக்கு ஒருவரா?
தென்கொரியாவின் கிறிஸ்தவ மாணவர் ஊழியத்தில் இரண்டு பாணிகள். 1958-இல் கிம் ஜூன் கோன் கொரியாவில் தொடங்கிய கேம்பஸ் குருசேட் அமைப்பு கூட்டத்தை நம்பியது. 1974 ஆகஸ்டில் சியோலின் யோய்டோ திடலில் லட்சக்கணக்கில் ஆட்களைத் திரட்டியது, கையில் விசுவாசத்தைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு சின்னக் கையேடு, சில நிமிடங்களில் யாருக்கும் வாசித்துக் காட்டிவிடலாம். 1961-இல் குவாங்ஜுவில் சாமுவேல் லீயும் அமெரிக்க மிஷனரி சாரா பேரியும் ஆரம்பித்த யூபிஎஃப் (யூனிவர்சிட்டி பைபிள் ஃபெல்லோஷிப்) அப்படியில்லை. ஒரு மாணவர், ஒரு வழிகாட்டி, நடுவில் வேதாகமம். அப்புறம் படித்ததைப் பற்றி 'சோகம்' எழுதி (நம்ம சோகம் இல்லை, கொரிய மொழியில் மனதில் பட்டது) எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். ஆழம் இதில்தான், சரி. ஆனால் கல்யாணம் வரை வழிகாட்டி தலையிடுகிறார் என்று வெளியேறியவர்கள் சொன்ன புகாரும் இங்கேதான். எனக்கென்னவோ, புதிதாக வருகிற பையனுக்கு முதலாவதில்தான் மூச்சு விட இடம் இருக்கிறது.