ஆறடி ரேக்: திடலுக்கு நல்லது, கெட்டி மண்ணுக்கு ஆகாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் திடல்களிலும் கோயில் வளாகங்களிலும் சருகும் கல்லும் வார, சின்ன டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பல்வரிசைச் சாமானான ஆறடி ரேக்கைப் பற்றியது இது. உதிரிபாகக் கடைகளில் பெயர் பொறிக்காமல் விற்கும் ரகம். சட்டம் கனமானது, வெல்டிங் சுத்தம், வில்போல வளைந்த பற்கள் நன்றாகவே மீள்கின்றன. கூட வரும் பூட்டுப் பின்கள்தாம் மட்டம். வளையத்தில் இறுக்கமே இல்லை. அவற்றை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ஐந்தடி விலை குறைவு என்று அதற்கு ஆசைப்பட வேண்டாம். நடு அச்சில் பக்கவாட்டாக 30 பாகை திருப்பிச் சாய்த்தால் ஆறடி ரேக் ஐந்தடி இரண்டு அங்குலத்தை வாரும். ஐந்தடி ரேக் நாலடி நாலங்குலத்தோடு நின்றுவிடும். பின்டயர்களின் வெளி அகலம் அதற்கு மேல் இருந்தால், வாரிய இடத்தில் டயர் தடம் அப்படியே கிடக்கும்.

பொருத்துவது கேட்டகரி 1, அதாவது சின்ன டிராக்டர்களின் மூன்று முனை இணைப்பு அளவு. கீழே இருபுறமும் தூக்கும் கைகளுக்கு 22 மி.மீ. பின், மேலே நடுவில் பிடிக்கும் டாப் லிங்குக்கு 19 மி.மீ. பின். பெரிய டிராக்டரின் கேட்டகரி 2 கைகளில் துளை 28 மி.மீ.க்கு மேல் என்பதால், துளையைச் சிறிதாக்கும் புஷ் போடாமல் மாட்டினால் லொடலொடவென்று ஆடி பின்னையே தேய்த்துவிடும்.

சமதரையில் மாட்டுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்ட பிறகே டிராக்டருக்கும் ரேக்குக்கும் நடுவே போக வேண்டும். முதலில் இடது கை. வலது கையின் உயரத்தைத் தூக்குத் தண்டின் திருகால் மாற்றலாம். அதனால் அது அடுத்தது. டாப் லிங்க் கடைசி. கழற்றும்போது இதற்குத் தலைகீழ். இந்த ரேக்குக்கு நிறுத்துக் கால் கிடையாது. சட்டத்தின் அடியில் பலகை முட்டுக் கொடுக்காமல் டாப் லிங்க்கைக் கழற்றினால் பின்பக்கமாகச் சாயும், காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்! பக்கச் சங்கிலியில் இரண்டு விரல் அளவு ஆட்டம் விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் திருப்பத்தில் பாரமெல்லாம் பின்னில் விழும்.

சரிசெய்வதில்தான் இந்தச் சாமானின் சூட்சுமம் இருக்கிறது. ரேக்கைத் தரையில் இறக்கிப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கப் பற்கள் மட்டும் மண்ணில் புதைந்தால் வலது தண்டின் திருகைத் திருப்பி மட்டம் பிடிக்கலாம். அப்புறம் டாப் லிங்க். அதைக் குறுக்கினால் பல்நுனி செங்குத்தாகி மண்ணைக் குத்தும். செம்மண் பாதையில் கல்லைக் கிளப்ப அது சரி. நீட்டினால் நுனி முன்பக்கமாகப் படுத்து, பல்லின் வளைவு மட்டுமே தரையில் வழுக்கிப் போகும். பள்ளித் திடலில் மாட்டுப்புல்லைப் பிடுங்காமல் சருகு வார இந்த நிலைதான் வேண்டும். குறுக்கிய நிலையிலேயே திடலில் இறக்கினால் புல் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை கொட்டும்போது ரேக்கைக் கொஞ்சம் சாய்த்து நடை வேகத்தில் போனால் சருகு ஒரே ஓரமாக வரிசை கட்டிவிடும். நேராக வைத்தால் குவிந்துகொண்டே போய்ப் பல்லின் மேல் வழியும்.

பல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டும் விதம்தான். பல் மண்ணில் இருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் வளைவு எதிர்ப்பக்கம் மடங்கும். திரும்பினால் பக்கவாட்டில் முறுக்கும். பின்னுக்குத் தள்ள வேண்டுமானால் நடுப் பின்னைக் கழற்றி ரேக்கை 180 பாகை திருப்புங்கள். செம்பனை ஓரத்தில் வேர் தட்டினால் உடனே தூக்குங்கள். புதுச் சாமானில் போல்ட்டுகள் சீக்கிரம் தளரும். முதல் நாள் வேலை முடிந்ததும் ஸ்பேனர் போடுங்கள். சுழலும் அச்சுக்குக் கிரீஸ் அவசியம்.

வெயிலில் இறுகிய செம்மண்ணில் இந்தப் பற்கள் மேலாகச் சுரண்டுமே தவிர இறங்காது. அங்கே சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை விட்டுக் கிளறிய பிறகே இது உதவும். மழை பெய்த மறுநாள், மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். கடையில் தனிப் பல் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்; கிடைக்காதென்றால் அடுத்த கடையைப் பார்க்கலாம்.