மனநல டொக்டர், மனநல நேர்ஸ் ஆகிறதுக்கான கைடன்ஸ் செஷன், வெள்ளவத்தை: பயோ செய்த பிள்ளைகளை கூட்டிக்கொண்டு போங்கோ

ஏ.எல் பயோ செய்த பிள்ளை இருக்கிற வீட்டுக்காரருக்கு பிரயோசனப்படும் எண்டு தான் இதை எழுதுறன். வெள்ளவத்தையில காலி ரோட்டில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில சின்ன ஹோல், சனிக்கிழமை அரைநாள் செஷன், சைக்கியாட்ரிக்கும் சைக்கியாட்ரிக் நேர்ஸிங்குக்கும் எப்பிடி போறது, போனா நாள் முழுக்க என்ன வேலை எண்டு தமிழ்லயே சொல்லித் தந்தவை, ஆளுக்கு 1500 ரூபா, டீயும் வடையும் அதுக்குள்ள. தங்கச்சிக்கு மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (கேம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற ஏ.எல் புள்ளி) காணுமோ காணாதோ எண்ட இழுபறி, ஆனா அவவுக்கு விருப்பம் மனநல பக்கம் தான், அதால கூட்டிக்கொண்டு போனன். 5க்கு 4 குடுப்பன். அந்த ஒண்டு ஏன் குறைஞ்சது எண்டு கீழ இருக்கு.

முதல்ல கதைச்சவர் ஒரு மனநல டொக்டர், சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்தார். சைக்கியாட்ரிஸ்ட் எண்டா முதல் எம்.பி.பி.எஸ், அது 5 வருஷம், பிறகு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மெடிக்கல் கவுன்சில்ல பதிவு, அதுக்கு பிறகு தான் கொழும்பு கேம்பஸோட இருக்கிற பி.ஜி.ஐ.எம் எண்ட மேல்படிப்பு நிறுவனத்தில சோதனை எழுதி எம்.டி எண்ட ஸ்பெஷலிஸ்ட் படிப்புக்கு உள்ள போகலாம், ரெஜிஸ்ட்ரார் எண்ட ட்ரெயினிங் டொக்டரா வேலை, எம்.டி சோதனை, சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதுக்குள்ள வெளிநாட்டு ட்ரெயினிங், எல்லாம் முடிய போர்ட் சேர்ட்டிஃபிகேஷன், அப்ப தான் கன்சல்டன்ட். முப்பது வயசு தாண்டிடும் எண்டதை அவர் ஒளிக்கேல்ல. வந்திருந்த பிள்ளைகள்ல கனபேர் சைக்கொலொஜி டிகிரி செய்தா சைக்கியாட்ரிஸ்ட் ஆகலாம் எண்ட நினைப்பில தான் வந்திருந்தவை, அந்த நேரம் ஹோல்ல ஒரு சலசலப்பு, தாய்மார் ஆளையாள் பாக்கினம். சைக்கொலொஜி படிச்சு கிளினிக்கல் சைக்கொலொஜிஸ்ட் ஆகிறது வேற பாதை, டிகிரிக்கு மேல எம்.ஃபில் மாதிரி படிப்பு வேணும், அவை மருந்து எழுத மாட்டினம், அவையின்ட வேலை தெரபியும் அசெஸ்மென்டும். இதை ஏ.எல்லுக்கு முதலே யாராவது பள்ளிக்கூடத்தில சொல்லியிருந்தா எவ்வளவு நல்லம்.

நடுவில இருக்கிற வழியளும் சொன்னார். எம்.டி எடுக்காட்டியும் ஒரு வருஷ டிப்ளோமா செய்து மனநல பக்கம் வேலை செய்யலாம், எம்.ஓ.எம்.எச் எண்டு மாவட்ட ஹொஸ்பிட்டல்கள்ல மனநலத்துக்கெண்டே டொக்டர்மார் இருக்கினம். கன்சல்டன்ட் இல்லாத ஊர்கள்ல கிளினிக்கை ஓட்டுறது அவை தான் எண்டார். அவர் சொன்னதில எனக்கு மறக்கேலாதது தற்கொலை பத்தின கணக்கு. 1995 அளவில எங்கட நாட்டில லட்சம் பேருக்கு 47 பேர் மட்டில, உலகத்திலேயே மேல் இடத்தில இருந்த வீதம், பிறகு அது பாதிக்கு மேல இறங்கினதுக்கு பெரிய காரணம் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை படிப்படியா தடை செய்தது. மனநல வேலை எண்டா குளிசை எழுதுறதோட முடியாது, தோட்டத்தையும் கடையையும் சட்டத்தையும் பாக்கோணும் எண்டு அவர் சொன்னது தங்கச்சிக்கு நல்லா பிடிச்சிட்டுது.

ஆனா நான் 1500 ரூபா குடுத்தது அவருக்கு பிறகு கதைச்ச நேர்ஸ் மிஸ்ஸுக்கு எண்டே வைச்சுக்கொள்றன். கன வருஷம் மனநல வோர்ட்டில வேலை செய்தவ. கதிரை ரெண்டை முன்னுக்கு இழுத்து போட்டு ஒரு பிள்ளையை கூப்பிட்டு இருக்க வைச்சா. நேருக்கு நேர் இல்ல, கொஞ்சம் சரிச்சு, கை எட்டாத தூரம், கதவுப் பக்கம் நேர்ஸ் இருக்கிற மாதிரி. காதில குரல் கேக்குது எண்டு நோயாளி சொன்னா என்ன சொல்லுவீங்கள் மகள் எண்டு கேட்டா. பிள்ளை "அப்பிடி ஒண்டும் இல்ல, பயப்பிடாதீங்கோ" எண்டிச்சு. மிஸ் சிரிக்காம, குறை சொல்லாம, "எனக்கு கேக்கேல்ல ஐயா, ஆனா உங்களுக்கு கேக்குது எண்டு விளங்குது, பயமா இருக்கோ, என்ன சொல்லுது?" எண்டு தான் கேட்டுக் காட்டினா. இல்லை எண்டு சண்டையும் பிடிக்கிறேல்ல, ஓம் எனக்கும் கேக்குது எண்டு பொய்யும் சொல்றேல்ல. குரல் என்ன சொல்லுது எண்டு கேக்காட்டி, உன்னை நீயே காயப்படுத்து எண்டு அது சொல்றது எங்களுக்கு தெரியாமலே போயிடுமாம். ஹோல் அப்பிடியே அமைதியாகிட்டுது.

பிறகு குளிசை குடுக்கிற நேரம். தண்ணியோட குடுத்துட்டு போறேல்ல, விழுங்கும் வரைக்கும் நிண்டு ரெண்டு வசனம் கதைக்கிறது, நாக்குக்கு கீழ ஒளிச்சு வைச்சா கதைக்கேக்க தெரியுமாம். குளோசபின் எண்ட, கடும் மனநோய்க்கு குடுக்கிற மருந்து குடிக்கிறவைக்கு முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருக்கா இரத்தம் எடுத்து வெள்ளை அணு பாக்கோணும், அவைக்கு தொண்டை நோவு, காய்ச்சல் எண்டா சாதாரண தடிமன் எண்டு விட்டுடேலாது, உடன டொக்டருக்கு சொல்லோணும், அதோட ஒவ்வொரு நாளும் மலச்சிக்கல் இருக்கோ எண்டு கேக்கோணும், அது முத்தினா உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் முதல்ல கண்ணில படுறது நேர்ஸுக்கு தான். மெடிசின் கிடைக்காட்டி நேர்ஸிங் எண்டு கவலையோட வந்திருந்த பிள்ளைகள் அதுக்கு பிறகு தான் நிமிர்ந்து இருந்து கேள்வி கேட்டவை. வீட்டுக்கு போய் பாக்கிற கொம்யூனிட்டி நேர்ஸ் வேலையை பத்தியும் சொன்னா, கிளினிக்குக்கு வராம விட்டவரை தேடிப் போறது, தாய் தகப்பனோட கதைக்கிறது. மனசுக்குள்ள இருக்கிறது தாய்மொழியில தான் வெளிய வரும், தமிழ் கதைக்கிற நேர்ஸ்மார் காணாது எண்டு அவ சொல்லேக்க என்ட கண் கலங்கிட்டுது.

மனநல ஹொஸ்பிட்டல்ல வேலை எண்டதில எங்கட அம்மாவுக்கு இருந்த பயத்துக்கும் அங்க பதில் கிடைச்சது. எங்கட ஆக்களுக்கு அங்கொட எண்டாலே ஏச்சு தானே. முல்லேரியாவில இருக்கிற அந்த ஹொஸ்பிட்டல் இப்ப தேசிய மனநல நிறுவனம், 1926 எண்ட உதவி நம்பரும் அவையின்ட தான். வன்முறை வருமோ எண்டு ஒரு அப்பா கேட்டார். சிலவேளை வரும், அதுக்கு ட்ரெயினிங் இருக்கு, தனிய போறேல்ல, ஆனா கனபேர் பயந்து ஒடுங்கி இருக்கிற ஆக்கள் தான் எண்டு மிஸ் மூடி மறைக்காம சொன்னா.

குறை எங்க எண்டா, நேர்ஸிங்குக்கு சேருற வழியை பத்து நிமிஷத்தில ஓட்டிட்டினம். அரசாங்க நேர்ஸிங் ஸ்கூலுக்கு கெசட்டில தான் கூப்பிடுவினம், 3 வருஷம், படிக்கேக்கயே அலவன்ஸ் குடுப்பினம், கேம்பஸ் டிகிரி எண்டா 4 வருஷம், யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்பு, பேராதனை எண்டு கன கேம்பஸ்ல இருக்கு. முக்கியமா, இங்க எல்லாரும் முதல் ஜெனரல் நேர்ஸ் தான், மனநலம் அதுக்குள்ள ஒரு பகுதி, பிறகு தான் அந்தப் பக்கம் போறது. இதை பெரிசா போட்டுக் காட்டியிருக்கோணும்.

ஏனெண்டா பின்னுக்கு வன் டு வன் எண்டு ஒரு மேசை போட்டிருந்தினம், அதில இருந்தவர் தங்கச்சிக்கு ஒரு பிரைவேட் சேர்ட்டிஃபிகேட் கோர்ஸை தான் தள்ளிக்கொண்டிருந்தார், அதை முடிச்சா யூ.கேக்கு நேர மனநல நேர்ஸா போகலாமாம். யூ.கேல மனநல நேர்ஸிங் தனிப் பதிவு, அந்தப் பிரிவிலயே முழுசா ட்ரெயினிங் எடுத்திருக்கோணும், இங்க ஜெனரல் முடிச்சவை வழமையா அடல்ட் நேர்ஸா தான் பதியிறவை, அதுக்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ் இல்லாட்டி ஓ.ஈ.டி எண்ட இங்கிலீஷ் சோதனை, பிறகு கம்ப்யூட்டர்ல செய்யிற சி.பி.டி, செய்து காட்டுற ஓஸ்கி எண்டு சோதனைகள் இருக்கு. நான் அதை கேட்டன், மனுசன் பதில் இல்லாம அடுத்த ஆளை கூப்பிட்டார். முன்னுக்கு அவ்வளவு நேர்மையா கதைச்ச ரெண்டு பேரின்ட பேரும் இதால கெட்டுப்போகும், அது எனக்கு உண்மையா கோவம். காசு கட்ட முதல் அந்த கோர்ஸோட இலங்கை தாதியர் சபையில பதியலாமோ எண்டு சபையிட்டயே கேளுங்கோ.

அடுத்த செஷனுக்கு போறவை மேசைப் பக்கம் போகாம, டீ டைம்ல நேர்ஸ் மிஸ்ஸை பிடியுங்கோ. அவ தள்ளி நிக்காம ஒவ்வொரு பிள்ளையோடயும் கதைக்கிறா. நடத்துறவைக்கு ஒரு வேண்டுகோள், இப்ப நேர்ஸிங் ஸ்கூல்ல படிக்கிற ஒரு பிள்ளையையும் அடுத்த முறை கூட்டிக்கொண்டு வாங்கோ, கெசட், இன்டர்வியூ, ஹொஸ்டல் பத்தி அவையிட்ட கேட்டா தான் சரியா தெரியும்.