காட்டோ யூனிட்ராக்: N அளவு மாதிரி ரயில் தண்டவாளம், பூட்டினால் ஓடும்

N அளவு மாதிரி ரயிலுக்கு (தண்டவாள இடைவெளி 9 மி.மீ.) ஆணியும் பசையும் இல்லாமல் பூட்டத் தண்டவாளம் தேடினால் முதலில் ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக்கைத்தான் சொல்வேன். சரளைக்கல் மேடை தண்டவாளத்தோடு சேர்ந்தே வருகிறது. பூட்டும்போது ‘கிளிக்’ என்று கேட்க வேண்டும்.

249 மி.மீ. ஆர வளைவில் 45 பாகைத் துண்டுகள் எட்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். பலகை 60 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். நீளமான பயணிகள் பெட்டி ஓட்டுபவர்கள் 315 மி.மீ. ஆரத்துக்குப் போவது நல்லது. இறுக்கமான வளைவில் அவை ஓடினாலும் பார்க்க நன்றாயிராது.

பெட்டி தடம் புரண்டால் முதலில் இணைப்பைப் பாருங்கள். சில சமயம் மேடை கச்சிதமாகப் பூட்டியிருக்கும், தண்டவாளமோ யூனிஜாயினருக்குள் (துண்டுகளை இணைக்கும் சிறு கவ்வி) நுழையாமல் அதன்மேல் ஏறி நிற்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். பலமுறை கழற்றிப் பூட்டிய ஜாயினர் தளர்ந்து மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது. தனியாகக் கிடைப்பதால் மாற்றிவிடலாம். மின் இணைப்புக்கு வயர் பொருத்திய ஜாயினரே உண்டு, பற்றவைக்கத் தேவையில்லை. நீண்ட தடத்தில் ரயில் தூரத்தில் மெதுவாகிறதா? இன்னொரு ஜோடியை அங்கே செருகுங்கள்.

குறை: துண்டுகளின் நீளம் நிலையானது. நினைத்தபடி நெளிந்து போகும் தடம் வேண்டுமென்றால் கையால் வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் தண்டவாளம்தான் சரி.