போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வாராவாரம் செய்திமடல் அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. நாம் அனுப்பும் மெயில்களை ஜிமெயில் எப்படி நடத்துகிறது என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸைச் சில வருடங்களாகப் பார்த்துவருகிறேன். இலவசம்தான், டொமைனின் டிஎன்எஸ்ஸில் (அதன் முகவரிப் பதிவேட்டில்) ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டை, அதாவது ஒரு வரி உரையை, சேர்த்து உரிமையைக் காட்டினால் போதும். மொத்தமாக மெயில் அனுப்புகிற எல்லோரும் இதைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். மெயில் அனுப்பும் சேவைகள் ‘டெலிவர்டு’ என்று காட்டுவதை நம்பி உட்கார முடியாது. எதிர்முனை சர்வர் வாங்கிக்கொண்டாலே அது டெலிவர்டுதான், வாங்கி ஸ்பாமில் போட்டாலும் சரி.

நான் முதலில் பார்ப்பது ஸ்பாம் ரேட், அதாவது பெற்றவர்கள் ஸ்பாம் என்று புகார் செய்த மெயில்களின் சதவீதம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்குமேல் அனுப்புகிறவர்களுக்கு விதிகள் இறுகிவிட்டன. இந்த ரேட் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3-ஐத் தொடவே கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் ஸ்பாம் பட்டனை அழுத்தினாலே சிக்கல்.

ஆனால் இந்த கிராஃபை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இன்பாக்ஸுக்குப் போன மெயில்களை வைத்துத்தான் இந்தக் கணக்கு. பாதி மெயில் ஏற்கனவே ஸ்பாமில் விழுந்திருந்தால் அவற்றைப் புகார் செய்ய ஆளே இருக்காது, கோடு அழகாகக் கீழே இறங்கும். அதனால் கிளிக்குகளையும் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன், ஸ்பாம் ரேட்டும் கிளிக்கும் சேர்ந்து விழுந்தால் உடனே சந்தேகப்படுகிறேன். ஓப்பன் ரேட் (மெயிலைத் திறந்தவர்களின் சதவீதம்) இதற்கு உதவாது, மெயிலில் உள்ள ஒரு படம் இறங்குவதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள், 2021-இல் ஆப்பிள் மெயில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைக்க ஆரம்பித்ததிலிருந்து யார் உண்மையில் திறந்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

அப்புறம், மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப் (அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்த இரண்டையும் ஃப்ரம் வரியோடு ஒப்பிடுவது). இவற்றில் பலர் தடுமாறும் இடம் அலைன்மென்ட், அதாவது பாஸ் ஆன டொமைனும் ஃப்ரம் வரியில் இருக்கும் டொமைனும் பொருந்துவது. உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ போய்ப் பாருங்கள். எஸ்பிஎஃப் பாஸ் என்று இருக்கும், ஆனால் பாஸ் ஆனது அனுப்பும் சேவையின் டொமைனாக இருக்கலாம், ஃப்ரம் வரியில் இருக்கும் உங்கள் டொமைன் அல்ல. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது பாஸ் ஆகி, உங்கள் டொமைனோடு பொருந்தினால்தான் டிமார்க் பாஸ் ஆகும். சேவையின் அமைப்புகளில் உங்கள் சொந்த டொமைனுக்கு டிகிம் போட்டுக்கொள்வதுதான் சுலபமான வழி.

இதெல்லாம் வெறும் நுழைவுச்சீட்டு. அனுப்புகிறவரின் பெயரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் யாருக்கெல்லாம் அனுப்புகிறோம் என்ற முகவரி லிஸ்ட்தான். என் அனுபவத்தில் அதிகப் பலன் தந்தது, அன்சப்ஸ்கிரைப் (செய்திமடலிலிருந்து விலகும்) இணைப்பை மெயிலின் அடியில் ஒளித்துவைக்காமல் மேலேயே வைத்தது. போக நினைப்பவருக்கு வழி தெரியாவிட்டால் கைக்கு எட்டுவது ஸ்பாம் பட்டன்தான், விலகல்கள் கொஞ்சம் கூடினாலும் புகார் குறைந்தது. ஒரே கிளிக்கில் விலகும் வசதி இப்போது மேலே சொன்ன விதிகளிலேயே இருக்கிறது, கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்கியாக வேண்டும். பல மாதமாக எதையும் கிளிக் செய்யாதவர்களுக்கு ‘இன்னும் வேண்டுமா?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் எடுத்துவிடுகிறேன். லிஸ்ட் சுருங்குகிறதே என்று மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. விலைக்கு வாங்கிய லிஸ்ட்டை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள், அதில் ஸ்பாம் டிராப் முகவரிகள் (ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பிடிக்க வைத்திருக்கும் பொறி முகவரிகள்) கலந்திருக்கலாம்.

குறை என்று பார்த்தால், குறைவாக அனுப்புகிறவர்களுக்கு போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டேட்டா சரியாக வராது. எந்த முகவரியிலிருந்து புகார் வந்தது என்றும் காட்டாது. ஜிமெயிலைத் தாண்டி எதுவும் தெரியாது. யாஹூவுக்கு அதன் புகார் ஃபீட்பேக் லூப்பில் (யார் ஸ்பாம் என்று புகார் செய்தார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் சேவையில்) தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், புகார் செய்தவர்களை லிஸ்ட்டிலிருந்து அன்றன்றே எடுத்துவிட அது போதும்.