மடிக்கணினி நனைந்தது: க்ளைம் போடலாமா, கையிலிருந்து கொடுக்கலாமா?

போன மாதம் டம்ளர் சாய்ந்து என் மடிக்கணினிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தும் விசைப்பலகையும் பேட்டரியும் போய்விட்டன. உற்பத்தியாளர் வாரண்டி இதற்கு உதவாது. தண்ணீர் புகுந்தாலோ கீழே விழுந்தாலோ அது பொதுவாகக் கைவிரித்துவிடும். வீட்டுக் காப்பீட்டில் தற்செயல் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்ததால் க்ளைம் போட வழி இருந்தது. இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் காசையே கொடுத்தேன்.

க்ளைம் பக்கம் இருக்கும் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரீமியம் கட்டியிருக்கிறோம், இழப்பு வந்திருக்கிறது, கேட்பது நம் உரிமை. பில், புகைப்படம், எஸ்டிமேட் எல்லாம் சேர்க்கும் அலைச்சலும் தாங்கக்கூடியதே.

என்னைத் தடுத்தது அடுத்தடுத்த வருடங்களின் பிரீமியம். எஸ்டிமேட் ஏறக்குறைய ஒரு வருட முழுப் பிரீமியத்துக்குச் சமமாக இருந்தது. அதை 100 என்று வைத்துக்கொள்வோம். என் பாலிசி பழைய பொருளுக்குப் புது விலை தருவதல்ல. தேய்மானத்துக்கு 15 கழியும். எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு க்ளைமிலும் நாமே ஏற்கவேண்டிய முதல் பங்கு, 40. ஆக, கைக்கு வருவது 45.

இனி இழப்பது. க்ளைம் இல்லாத வருடங்களுக்காக எனக்கு 20 சதவீதத் தள்ளுபடி சேர்ந்திருக்கிறது. ஒரு க்ளைம் போட்டால் அது மொத்தமும் போய், வருடத்துக்கு 5 சதவீதமாகத்தான் திரும்ப ஏறும். முதல் வருடம் 20, இரண்டாம் வருடம் 15, பிறகு 10, பிறகு 5. நான்கு வருடத்தில் 50 கூடுதலாகக் கட்டியிருப்பேன். 45 வாங்க 50 கொடுப்பதா? க்ளைமைக் காரணம் காட்டி அடிப்படைப் பிரீமியத்தையே உயர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். வேறு நிறுவனத்துக்கு மாறித் தப்பிக்கலாம் என்றால், விண்ணப்பத்தில் கடந்த சில வருட க்ளைம்களைக் கேட்பார்கள். அதை மறைத்தால் பின்னால் பெரிய க்ளைமே நிராகரிக்கப்படலாம். மறைக்கவே கூடாது.

உங்கள் பாலிசியில் இந்த எண்கள் வேறாக இருக்கும். தள்ளுபடியே இல்லாத பாலிசியும் உண்டு, ஒரு க்ளைம் வரை தள்ளுபடியைக் காக்கும் பாலிசியும் உண்டு. அப்படியானால் என் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் முதலில் பாலிசி ஆவணத்தை எடுத்து எக்ஸஸ், தேய்மானம், தள்ளுபடி விதி மூன்றையும் பாருங்கள். அதன்பிறகு போன் செய்யுங்கள். சில நிறுவனங்களில், பணம் வாங்காவிட்டாலும் நீங்கள் சொன்ன சம்பவம் பதிவாகிவிடும்.

க்ளைம் போட்டே ஆகவேண்டிய இடங்களும் இருக்கின்றன. குழாய் வெடித்துத் தொலைக்காட்சி, கணினி, மரச்சாமான் எல்லாம் ஒன்றாக நாசமானால் அது ஒரே சம்பவம்; வழக்கமாக எக்ஸஸும் ஒரே தடவைதான். சரிசெய்யவே முடியாமல் புதிதாக வாங்கும் நிலை வந்தாலும் நான் யோசிக்கமாட்டேன். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு: தனியாகக் குறிப்பிடாத ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று பல பாலிசிகளில் உச்சவரம்பு இருக்கும். தொழிலுக்குப் பயன்படுத்தும் கணினியைச் சேர்க்காத பாலிசிகளும் உண்டு. இது க்ளைம் போடும் நாளில் தெரியவந்தால் மிகவும் வலிக்கும்.

பெரிய தொகைக்கு நான் இதுவரை க்ளைம் போட்டதில்லை. முன்பு ஒரே ஒரு முறை, உடைந்த கைபேசிக்குப் போட்டேன். பணம் வந்தது, ஆனால் ரினியூவலில் தள்ளுபடி போனதை அடுத்த வருட பில்லைப் பார்த்துத்தான் கவனித்தேன். இந்த முறை கணக்குப் போட உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு க்ளைமை வைத்து எல்லா நிறுவனங்களையும் அளக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாளில் மடிக்கணினி திரும்பி வந்தது. சேதம் பற்றிய குறிப்போடு பில்லை வாங்கி வைத்திருக்கிறேன். சின்னச் சேதத்துக்கு எப்படியும் க்ளைம் போடப்போவதில்லை என்பதால், அடுத்த ரினியூவலில் எக்ஸஸை உயர்த்திக் கேட்கப்போகிறேன். அதனால் பிரீமியம் குறைந்தால், அந்தப் பணத்தை ரிப்பேர் செலவுக்கென்று தனியாகப் போட்டுவைப்பேன்.