தாய்வீட்டுக்கும் துபாய்க்கும் பையில் போகும் ரப்பர் பட்டை

ஜிம்முக்கு வருடக் கட்டணம் கட்டிய பெண் கல்யாணமாகி மயிலாடுதுறையிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போனால், கட்டணத்தோடு பழக்கமும் மயிலாடுதுறையிலேயே தங்கிவிடும். பிரசவத்துக்குத் தாய்வீடு, வேலைக்குத் திருப்பூர் அல்லது துபாய், ஓய்வு பெற்றபின் சொந்த ஊர் என்று ஆள் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் உடற்பயிற்சி அறுபடுகிறது. சோம்பல் என்று நாம் திட்டிக்கொள்வது பல நேரம் சோம்பலே இல்லை. செய்துகொண்டிருந்த இடம் கைவிட்டுப் போயிருக்கும். கையோடு வருகிற கருவி என்று தேடினால் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்று விற்கும் ரப்பர் பட்டைதான் முதலில் நிற்கிறது. மூன்று பட்டை சேர்ந்தாலும் அரைக் கிலோவைத் தாண்டாது.

ஆன்லைனில் அதிகம் கண்ணில் படுவது 11 உருப்படி கொண்ட டியூப் செட்டு: ஐந்து டியூப், இரண்டு கைப்பிடி, இரண்டு கணுக்கால் வார், கதவில் மாட்டும் பட்டி ஒன்று, பை ஒன்று. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் டியூப் முனையில் ரப்பரும் இரும்பு வளையமும் சேரும் இடம்தான் முதலில் விட்டுப்போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில், டியூப்பைக் கைப்பிடியோடு மாட்டும் ஹூக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்து மூடாமல் நிற்கும். மூடாத ஹூக்கில் இழுத்தால் டியூப் கழன்று முகத்துக்கு வரும். அதனால் எங்கள் தேர்வு, பிசியோதெரபி செய்பவர்கள் பயன்படுத்தும் தட்டைப் பட்டை. சுமார் 15 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம். இரும்பே கிடையாது. கைப்பிடி வேண்டுமென்றால் முனையை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் போதும். தொடையில் மாட்டும் குட்டை வளையப் பட்டை இடுப்புப் பயிற்சிக்கு நல்லது, ஆனால் அதை மட்டும் வாங்கினால் முதுகுக்கும் தோளுக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டையில் போட்டிருக்கும் எடைக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். டம்பெல்லுக்கு இருப்பதுபோல ரப்பருக்கு ஒரே எடை கிடையாது. இழுக்க இழுக்கக் கனம் கூடும். அட்டையில் உள்ள எண் ஏதோ ஒரு நீட்சியில் அளந்தது. நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவரின் பச்சை இன்னொருவரின் நீலமாக இருக்கலாம். சரியான பட்டையைக் கண்டுபிடிக்க ஒரே வழி: 12 முறை இழுத்துப் பாருங்கள். கடைசி இரண்டு மூன்று முறை திணற வேண்டும், ஆனால் முதுகு வளையக்கூடாது. 15 முறை சுலபமாக வந்துவிட்டால் பிடியை 10 செ.மீ. உள்ளே தள்ளிப் பிடியுங்கள். அதுவும் சுலபமானால் அடுத்த கனம்.

மாட்டுகிற இடத்தில்தான் நம் வீடுகளில் தகராறு. கதவுப் பட்டி ஒற்றைக் கதவுக்காகச் செய்தது. தஞ்சாவூர், கும்பகோணம் பழைய ஓட்டு வீடுகளின் இரட்டைக் கதவில் நடு இடைவெளி வழியாக, பட்டியின் முனையில் உள்ள பஞ்சு உருண்டை நழுவி வெளியே வந்துவிடும். ஒற்றைக் கதவானாலும், கதவு உங்களைப் பார்த்துத் திறக்கிற பக்கம் நின்று இழுக்கக்கூடாது. இழுப்பில் கதவு நிலையோடு இறுக வேண்டும். ஜன்னல் கம்பியில் கட்டினால் துருவும் பெயிண்ட் பொருக்கும் ரப்பரைக் கீறும். முற்றத்து மரத்தூண் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை: பழைய வேட்டித் துண்டை இரண்டு சுற்று சுற்றி, அதன்மேல் பட்டையைப் போடுங்கள். கல்தூண் என்றால் துணி இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

தூணும் இல்லாத வாடகை அறையில் பாதமே தூண். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பட்டையைப் பாதத்தின் நடுவில் ஒரு முழுச் சுற்று சுற்றி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பின்னால் இழுப்பது ஒன்று. பட்டைமேல் நின்று, முனைகளைத் தோளருகே பிடித்து, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் உட்கார்ந்து எழுவது இரண்டு. முதுகைச் சுற்றிப் போட்டு இரு கையாலும் முன்னால் தள்ளுவது மூன்று. நெஞ்சுக்கு நேராகப் பிடித்து இரு பக்கமும் விரிப்பது நான்கு. நான்கையும் இரண்டு தடவை செய்து முடிக்க 12 நிமிடம் ஆகும். இழுக்கும்போது மூச்சை விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். பட்டை கால்விரலோரத்தில் மட்டும் நின்றால் நழுவிக் கண்ணில் அடிக்கும். வீட்டில் நடக்கும் காயங்களில் நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

பட்டையைக் கெடுக்கிற முதல் ஆள் எண்ணெய். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில், தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு இழுத்தால் இயற்கை ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும். அடுத்தது வெயில்: கொடியில் காயப்போடுவதும் வண்டிப் பெட்டியில் வைப்பதும் தவறு. பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, முகப் பவுடர் தூவித் துணிப்பையில் வையுங்கள். வாரம் ஒருமுறை லேசாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு வெட்டோ வெள்ளைக் கோடோ தெரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். தோல் அரித்துத் தடித்தால் லேட்டக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். லேட்டக்ஸ் இல்லாத பட்டையும் விற்கிறது.

பிரசவமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரங்களில் பட்டை வேண்டாம். மூச்சுப் பயிற்சி, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கி விடுவது, வீட்டுக்குள் மெதுநடை, இவையே போதும். ஆறு வாரச் சோதனைக்குப் பிறகு, சிசேரியன் என்றால் மருத்துவர் அனுமதித்த பிறகு, மிக லேசான பட்டையில் தொடங்குங்கள். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்று நடுவில் மேடு எழும்பினால் வயிறு முக்குகிற எதையும் செய்யாமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். குழந்தை 12 நிமிடம் தராது. நான்கு நிமிடமாக மூன்று தடவை செய்யுங்கள். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 பரிந்துரையில் எடுத்துவிட்டது.

அதே பரிந்துரை வயதுவந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. பட்டை இரண்டாவதை மட்டுமே நிறைவேற்றும். மகாமகக் குளத்தைச் சுற்றுகிற, கமலாலயக் கரையில் நடக்கிற பழக்கத்தை இதற்காக விட்டுவிடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் நடை நின்றுபோகும் வாரங்களில் தசையாவது இளகாமல் பட்டை காக்கும். நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்தபின் வரப்பில் நின்று பார்க்கும் வேலையாகிவிட்ட விவசாயிகளுக்கு இது நிஜமாகவே தேவை. உடல் உழைப்பு குறைந்தாலும் சாப்பாடு குறையாத நிலை அது. குனிந்து நாற்று நடுகிற பெண்களுக்கோ உட்கார்ந்து இழுப்பதைவிட, நிமிர்ந்து நின்று நெஞ்சை விரிக்கும் நான்காவது பயிற்சியே மருந்து. ஏற்கெனவே கனமான எடை தூக்கிப் பழகிய இளைஞருக்குக் கால் பயிற்சியில் இது போதாது; அதை மறைப்பதற்கில்லை.

வாங்குவதானால் லேசு, நடுத்தரம் என இரண்டு தட்டைப் பட்டை போதும். மூன்றாவது கனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊர் மாறும்போது பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் துணிகளுக்கு மேலே கடைசியாக வையுங்கள். போய் இறங்கிய அன்று சாயங்காலமே கைக்கு அகப்படும்.