புள்ளி விடாமல் பொறிக்கும் புறக்கோட்டைக் கடை

பித்தளையில் எழுத்துப் பொறிக்கக் கொழும்பில் ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது கடை. வெளியே பெயர் எதுவும் எழுதியிருக்காது. வாசலில் கேடயங்களும் வெற்றிக் கிண்ணங்களும் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம்.

எங்கள் கொட்டாஞ்சேனைக் கிரிக்கெட் கழக அறைக்கு ஒரு நினைவுப் பலகை தேவைப்பட்டது. இலங்கை தன் முதல் டெஸ்டை இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது 1982 பெப்ரவரி 17இல், தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானத்தில். அன்றைக்கு அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் அங்கே கூட்டிப்போனார். இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு 1996 உலகக் கிண்ணம் தெரியும், முரளியைத் தெரியும். அதெல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் முழிக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

முதலில் வேறோர் இடத்தில் கொடுத்தேன். மாதிரி வந்தபோது அன்றைய அணித்தலைவர் பந்துல வர்ணபுர 'வரணபுர' ஆகியிருந்தார், டெஸ்ட் 'டெஸட்' ஆகியிருந்தது. "வாசிச்சா விளங்கும்தானே" என்றார்கள். முற்பணம் போனால் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கடை ஐயா அப்படியல்ல. மாதிரித் தாளை மேசையில் விரித்து, பென்சில் முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, மொத்தம் ஒன்பது வரி இருக்கு, அது கூடிப்போச்சு. எழுத்து சின்னதா வந்தா 'ண'வின்ட சுழி மையில அடைபட்டுப் போகும். ரெண்டு வரி குறையுங்கோ" என்றார்.

எதைக் குறைப்பது? முதல் பந்தைச் சந்தித்து முதல் ஓட்டத்தையும் எடுத்த அணித்தலைவர் வர்ணபுர இருக்கவேண்டும். 18 வயதில் நாட்டின் முதல் டெஸ்ட் அரைச்சதம் அடித்த அர்ஜுன ரணதுங்க இருக்கவேண்டும். இங்கிலாந்து 7 விக்கெட்டால் வென்ற வரியை எடுத்துவிடலாம் என்று கழகப் பையன்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. 3 விக்கெட்டுக்கு 167 என்று நின்ற நம் அணி 175க்குச் சுருண்ட அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதை எப்படி மறைப்பது? அதே மைதானத்தில்தான் 1985இல் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றி வந்தது. அந்த வரியும் வேண்டும். கடைசியில் எங்கள் நிர்வாகக் குழுவின் பெயர்கள் இருந்த இரண்டு வரியையும் வெட்டினோம்.

எழுத்தை இயந்திரம் வெட்டுகிறது. அப்புறம் ஐயாவே சின்னத் தூரிகையால் பள்ளங்களில் கறுப்பு எனாமலை நிரப்பி, காய்ந்ததும் மேலே தெளிவான வார்னிஷ் பூசுகிறார். கடற்காற்றில் பித்தளை பச்சை பிடிக்காமல் இருக்க அது அவசியமாம். இரும்பு ஆணி அடித்தால் துருக்கறை வடியும் என்று நான்கு பித்தளைத் திருகாணிகளையும் சும்மா தந்தார்.

28,500 ரூபா, பாதி முற்பணம். சொன்ன நாளுக்கு நான்கு நாள் பிந்தித்தான் கிடைத்தது, அது ஒன்றுதான் குறை. கார்டு எடுக்கமாட்டார், காசு கொண்டுபோங்கள். சனிக்கிழமை என்றால் மத்தியானத்துக்கு முன் போய்விடுங்கள். பலகை இப்போது மட்டைகள் சாத்தும் மூலைக்கு மேலே, பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.